ஒரு ஸ்பூன் தண்ணீர்

முதலில் அளவு, இல்லாவிட்டால் மறந்துவிடும். மைதா 400 கிராம். தண்ணீர் 250 மில்லி. உப்பு 8 கிராம். சர்க்கரை ஒன்றரை டேபிள்ஸ்பூன். வெண்ணெய் 20 கிராம். பால் பவுடர் இரண்டு ஸ்பூன். இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன்.

பேக்கரிக்காரர்கள் மாவை எப்போதும் 100 என்று வைத்துக்கொண்டு மற்றதை அதன் சதவீதமாகச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் இது தண்ணீர் 62, உப்பு 2, ஈஸ்ட் ஒன்றுக்கும் சற்றுக் கீழே. உப்பையும் ஈஸ்ட்டையும் நான் தொடுவதில்லை. பேரம் எல்லாம் தண்ணீரோடுதான். நவம்பர் மழையில், நாலு நாளாகத் திறந்து கிடக்கும் மைதா தானாகவே ஈரத்தைக் குடித்திருக்கும். அன்றைக்கு 240 போதும். புதிதாகப் பிரித்த பாக்கெட், காற்றும் காய்ந்திருக்கிறது என்றால் 255 கேட்கும். எவ்வளவு என்பது மாவு பாதி பிசைந்த பிறகுதான் தெரியும்.

*

பிரெட் மெஷினைப் பற்றி வெளியில் இருப்பவர்களின் எண்ணம்: எல்லாவற்றையும் கொட்டு, பட்டனை அமுக்கு, நாலு மணி நேரம் கழித்து வா. உண்மைதான், ஒரு பத்து நிமிடம் போக.

பிசையத் தொடங்கியதும் மூடியைத் திறந்து பார்க்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. முதலில் மூலைகளில் வெறும் மாவு, நடுவில் சேறு. மூன்றாவது நிமிடம் பிய்ந்த துண்டுகள். ஏழெட்டு நிமிடத்தில் எல்லாம் சேர்ந்து ஒரே உருண்டை. அந்த உருண்டை பாத்திரத்தின் சுவரைத் துடைத்துச் சுத்தமாக்கிக்கொண்டு, அடியில் மட்டும் லேசாகப் பிடித்தபடி சுற்ற வேண்டும். சுவரெல்லாம் பசையாக இழுவினால் ஒரு ஸ்பூன் மாவு. உருண்டை இரண்டாகப் பிரிந்து மோட்டார் முனக ஆரம்பித்தால் ஒரு ஸ்பூன் தண்ணீர். போட்டுவிட்டு ஒரு நிமிடம் பொறு. உடனே இன்னொரு ஸ்பூன் போடக் கை துறுதுறுக்கும், போடாதே.

நம் பங்கு அவ்வளவுதான். எனக்கு இந்த மெஷினில் பிடித்ததும் இந்தப் பங்குதான்.

*

நம் ஊரில் பிரெட் என்றால் நோயாளிச் சாப்பாடு. காய்ச்சல் வந்தால் பாலில் தோய்த்த பிரெட். ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் ஒரு கையில் சாத்துக்குடிப் பை, இன்னொரு கையில் பிரெட் பாக்கெட். மெஷின் வீட்டுக்கு வந்த அன்று அம்மா கேட்ட முதல் கேள்வி, "யாருக்குடா உடம்பு சரியில்ல?"

இரண்டாவது கேள்வி: "நாலு மணி நேரமா? தெருமுனைக்குப் போயிட்டு வர நாலு நிமிஷம்டா."

பதில் சொல்லவில்லை. இப்போது பிசையும்போது மூடியைத் திறந்து எட்டிப்பார்ப்பது பெரும்பாலும் அம்மாதான். "தண்ணி பத்தலடா" என்றால் பத்தவில்லை. சப்பாத்திக்கும் அதிரசத்துக்கும் முறுக்குக்கும் மாவு பிசைந்து பழகிய கண் அது. எனக்குத் தராசு வேண்டும், அம்மாவுக்கு வேண்டாம்.

*

ஓசாகாவில் நடந்த கதை. 1985இல் மாட்சுஷிதா கம்பெனி (இன்றைய பானசோனிக்) வீட்டுக்கான பிரெட் மெஷின் ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. ரொட்டி சரியாக வரவில்லை. மேலே தோல் கருகியது, உள்ளே வேகவில்லை. கோளாறு பிசைவதில் இருந்தது. பொறியாளர்கள் மெஷின் பிசைந்த மாவையும் பேக்கரிக்காரர் பிசைந்த மாவையும் எக்ஸ்-ரே எடுத்துக்கூடப் பார்த்தார்கள். பயன் இல்லை.

அந்தக் குழுவில் தனாகா இக்குகோ என்று ஒரு பெண், மென்பொருள் எழுதுகிறவர். ஊரிலேயே நல்ல ரொட்டி ஓசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலில் கிடைக்கும் என்று பேர். தனாகா அங்கே போய்த் தலைமை பேக்கரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். பேக்கர் மாவை வெறுமனே அமுக்கவில்லை, இழுக்கும்போதே முறுக்குகிறார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் பிடிபட்டது. அதை மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்க மேலும் ஒரு வருடம் முட்டி மோதினார்கள். கடைசியில் பாத்திரத்தின் உட்சுவரில் விலா மாதிரி மேடுகள் வைத்தார்கள். பிளேடு சுற்ற, மேட்டில் மாவு சிக்க, இழுபட்டு முறுக்கிக்கொண்டது.

நிர்வாகவியல் பேராசிரியர் நொனாகா இக்குஜிரோ 1991இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் இதை எழுதினார். கையில் இருக்கும், வாயால் சொல்லவராத அறிவு ஒரு நிறுவனத்துக்குள் எப்படிக் கைமாறுகிறது என்பதற்கு உதாரணமாக. அதன்பின் எம்பிஏ வகுப்புகளில் இது நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. பிரெட் மெஷினைக் கண்ணால் பார்த்திராதவர்களும் தனாகாவைப் பற்றிப் பரீட்சை எழுதியிருப்பார்கள்.

என் பாத்திரத்தின் உள்ளேயும் ஒரு மேடு இருக்கிறது. கழுவும்போது இடைஞ்சல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஓசாகாவில் ஒருவருடைய மணிக்கட்டு அது.

*

அதே கதையில் இன்னொரு விஷயம், இது சென்னைக்காரர்களுக்கு. வெயில் காலத்தில் ஈஸ்ட் கலந்த மாவு தேவைக்கு மேல் புளித்துவிடும். குளிரூட்டும் கருவி ஒன்றை மெஷினுக்குள் வைக்கலாம், ஆனால் விலை ஏறும். அவர்கள் செய்தது, ஈஸ்ட்டை ஆரம்பத்திலேயே போடாமல் மாவு பிசைந்த பிறகு விழவைத்தது. சூட்டைக் கட்டுப்படுத்த வசதியில்லாத அந்தக் காலத்து ரொட்டிக்காரர்களின் வழி. பானசோனிக் மாடல்கள் பலவற்றில் மூடியில் ஈஸ்ட்டுக்கென்று தனியாக ஒரு சின்ன அறை இருப்பது இதனால்தான். பாதியில் 'டக்' என்று ஒரு சத்தம், ஈஸ்ட் விழும்.

என்னுடையதில் அந்த அறை இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் ஃபிரிட்ஜ் தண்ணீர் ஊற்றுகிறேன், ஈஸ்ட்டையும் கால் ஸ்பூன் குறைக்கிறேன். மெஷின் எழுதப்பட்டது இருபது டிகிரி சமையலறைக்கு. நம் சமையலறை முப்பத்தைந்து. கையேட்டில் உள்ள அளவை அப்படியே போட்டால் மாவு குபுகுபுவென்று ஏறி, வேகும்போது நடுவில் குழி விழும். குழி விழுந்தால் மெஷினைத் திட்டுகிறவர்கள் உண்டு. அடுத்த தடவை ஒரு ஸ்பூன் தண்ணீரும் ஒரு சிட்டிகை ஈஸ்ட்டும் குறைத்துப் பார்த்துவிட்டுத் திட்டலாம்.

*

இதெல்லாம் 'வீட்டில் செய்த' ரொட்டியாகுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கையால் பிசையவில்லை, அடுப்பில் வைக்கவில்லை. ஆட்டுக்கல் போய் கிரைண்டர் வந்த பிறகு இட்லி வீட்டு இட்லி இல்லாமல் போயிற்றா என்று திருப்பிக் கேட்டேன். கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள். கல் சுற்றுவது மோட்டார். உளுந்து பொங்கிவிட்டதா, இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கணுமா என்று விரலால் தொட்டுப் பார்ப்பது நாம்தான். நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் நாலு துண்டு சாப்பிட்டார்.

*

மாவு விவகாரம்.

மைதா: பிரெட் எழும்புவது குளூட்டன் வலையால். கோதுமையில் உள்ள இரண்டு புரதங்கள் தண்ணீர் பட்டு, பிசையப் பிசையக் கோத்துக்கொண்டு வலையாகும். ஈஸ்ட் விடும் காற்றை அந்த வலை பிடித்து வைக்கும். வெளிநாட்டு பிரெட் மாவில் புரதம் 12, 13 சதவீதம். நம் கடை மைதா பெரும்பாலும் 10, 11. ஆகையால் வெளிநாட்டுக் குறிப்பில் போட்டிருக்கும் தண்ணீரை அப்படியே ஊற்றினால் நம் மைதா தாங்காது. பாக்கெட் முதுகில் புரத அளவு போட்டிருக்கும். விலையைப் பார்க்கும் முன் அதைப் பார்.

ஆட்டா: கல்லில் அழுத்தி அரைப்பதால் மாவுச்சத்து நிறைய உடைந்திருக்கும், தண்ணீரை மைதாவைவிட அதிகம் குடிக்கும். சப்பாத்தி மிருதுவாக வருவது அதனால். பிரெட்டுக்கு அதே குணம் கொஞ்சம் பாரம், தவிடு வேறு குளூட்டன் இழைகளை அறுக்கும். பாதி மைதா பாதி ஆட்டா என்றால் நல்ல சமரசம். முழுக்க ஆட்டா போட்டால் தண்ணீர் 290, 300 வரை போகும், ரொட்டி குட்டையாக வரும், ஆனால் நெய் தடவிச் சுட்டால் அதற்கு ஈடு இல்லை. குட்டை ரொட்டியைக் கேவலமாகப் பார்க்கும் பழக்கம் கடை பிரெட்டால் வந்தது.

சம்பா கோதுமை: அல்வாவுக்கு ராஜா. பிரெட்டுக்கு அதன் குளூட்டன் பலவீனம். தனியாகப் போடாதே.

கேழ்வரகு: குளூட்டன் கிடையாது. நூறில் இருபது பங்கு வரை மைதாவோடு சேரும். நிறம் அழகு. கொஞ்சம் வெல்லமும் சேர்த்தால் இன்னும் நன்று.

*

மூன்று மணி நேரம் எதுவும் இல்லை, பிறகு திடீரென்று வாசனை. அது ஏன் கடைசி அரைமணியில் மட்டும் வருகிறது என்றால், ரொட்டியின் உட்புறம் நூறு டிகிரியைத் தாண்டுவதே இல்லை. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை தாண்ட முடியாது. தோல் மட்டும் காய்ந்து, 140க்கு மேலே ஏறி, சர்க்கரையும் புரதமும் சேர்ந்து பழுப்பாகும். 1912இல் லூயி காமீல் மயார் என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்த வினை. வாசனை முழுக்கத் தோலின் வேலை.

அந்த வாசனைக்குள் இருக்கும் முக்கியமான பொருளின் பெயர் 2-அசெட்டைல்-1-பைரோலின். பாஸ்மதி அரிசியின் மணத்துக்கும் ரம்பை இலையின் மணத்துக்கும் காரணம் அதே பொருள். இதைப் படித்த பிறகு ஒரு நாள் பாஸ்மதி கொதிக்கும்போது முகர்ந்து பார்த்தேன். ஆமாம், இருக்கிறது. பிரெட் வேகும் வாசனை வந்ததும் பக்கத்து வீட்டம்மா, "என்ன, பிரியாணியா இன்னிக்கு?" என்று ஜன்னல் வழியாகக் கேட்பதில் விஞ்ஞானம் இருக்கிறது.

*

கடை பிரெட்டைத் திட்டும் ஆள் இல்லை நான். பிரெட் ஆம்லெட்டுக்குத் தள்ளுவண்டிக்காரர் கடை பிரெட்டைத்தான் போட வேண்டும். வீட்டு பிரெட் முட்டையை உறிஞ்சிக்கொண்டு தடியாகிவிடும். நெய் ஓடும் பிரெட் அல்வாவும் அப்படியே.

ஆனால் ஒன்று. 2016 மே மாதம் டெல்லியின் சிஎஸ்இ அமைப்பு 38 பிரெட், பன், பாவ் மாதிரிகளைச் சோதித்து, 84 சதவீதத்தில் பொட்டாசியம் புரோமேட்டோ அயோடேட்டோ இருக்கிறது என்று அறிக்கை விட்டது. மாவை உப்பவைத்து வெள்ளையாகக் காட்டும் சரக்கு. அடுத்த மாதமே புரோமேட்டை அனுமதிப் பட்டியலிலிருந்து அரசு நீக்கியது. வீட்டு மெஷினில் இந்தப் பேச்சே இல்லை. போட்டது எல்லாம் நம் கையால் போட்டது, வரிசையாகச் சொல்லிவிடலாம். அதற்கு விலை, பூஞ்சை. கால்சியம் புரோப்பியோனேட் இல்லாத ரொட்டி சென்னைப் புழுக்கத்தில் மூன்றாம் நாளைத் தாண்டாது.

ஃபிரிட்ஜில் வைக்கலாமே என்பார்கள். ரொட்டி காய்ந்து போவது தண்ணீர் வற்றுவதால் மட்டும் இல்லை. வெந்த மாவுச்சத்து மறுபடி இறுகுகிறது, அந்த இறுக்கம் ஃபிரிட்ஜின் குளிரில்தான் மிக வேகம். வெளியே வைத்து இரண்டு நாள் சாப்பிடு. மீதியைத் துண்டு போட்டு ஃப்ரீசரில் வை. ஃப்ரீசரிலிருந்து நேரே தோசைக்கல்லுக்கு.

*

2010இல் ஜப்பானில் சான்யோ கம்பெனி 'கோபன்' என்று ஒரு மெஷின் போட்டது. மாவு வேண்டாம், அரிசியை முழுசாகப் போட்டால் போதும். மெஷினே ஊறவைத்து, அரைத்து, பிசைந்து, ரொட்டியாக்கித் தரும். ஆர்டர் குவிந்து, கொஞ்ச நாள் வாங்குவதை நிறுத்தியே வைத்தார்கள். அரிசியில் குளூட்டன் இல்லாததால் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது.

அரிசியை ஊறவைத்து அரைத்துப் புளிக்கவைக்க ஜப்பானிடம் பாடம் கேட்க வேண்டிய ஊரா இது? நாம் குளூட்டனுக்குப் பதிலாக உளுந்தைப் போட்டோம். அதன் கொழகொழப்புதான் காற்றைப் பிடித்துவைக்கிறது. ஆனாலும் கோபனை ஒரு தடவை பார்க்க ஆசை. அரைக்கும்போது பெரும் சத்தமாம். கிரைண்டரோடு வளர்ந்தவர்களுக்கு அது பொருட்டாக இருக்காது.

*

மெஷின் செய்யாதவை: மொறுமொறுவென்று உடையும் பிரெஞ்சுத் தோல் வராது. அதற்கு 230 டிகிரியும் நீராவியும் வேண்டும், இந்தச் சின்ன டப்பாவுக்குள் இரண்டும் இல்லை. அடிப்பக்கம் பிளேடு பதிந்த ஓட்டை இருக்கும், நடுத் துண்டுகள் இரண்டு ஓட்டையோடுதான். வடிவம் ஒரே வடிவம். மெஷினை வைத்துக்கொண்டு புளிமாவு ரொட்டி, சோர்டோ என்று கனவு காண்கிறவர்கள் ஓவன் வாங்கட்டும். இது சாதாரண ரொட்டிக்கான மெஷின். தினமும் சாப்பிடும், ஜாம் தடவும், சாம்பாரில்கூடத் தோய்க்கும் ரொட்டி. அதை அது நன்றாகச் செய்கிறது.

*

'டோ' என்று ஒரு புரோகிராம் உண்டு. பிசைந்து, ஒரு தடவை எழும்பவைத்து, நிறுத்திவிடும். ஒன்றரை மணி நேரம். அதன்பிறகு பன் உருட்டலாம், பீட்சா தட்டலாம், நானுக்கு வைக்கலாம். எங்கள் வீட்டில் இதற்குத்தான் இப்போது மவுசு. பரோட்டாவுக்கு வெறும் பிசையும் பகுதியை மட்டும் ஓடவிட்டு அணைத்துவிடுவது. ஈஸ்ட் வேண்டாம், எண்ணெய் தாராளம். வீச்சு இன்னும் நம் கையில்தான் இருக்கிறது, அதாவது வரவில்லை.

*

கூழ் உத்தி. 20 கிராம் மைதாவை 100 மில்லி தண்ணீரில் கரைத்து, அடுப்பில் 65 டிகிரிக்குக் கூழாகக் காய்ச்சு. கரண்டி போன தடம் தெரிந்தால் போதும். ஆறவைத்து, மொத்தத் தண்ணீரில் அதைக் கழித்துக்கொண்டு மெஷினில் சேர். சூட்டில் வெந்த மாவுச்சத்து தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்வதால் பிரெட் இரண்டாம் நாளும் பஞ்சாக இருக்கும். ஜப்பானிலும் தைவானிலும் சீனாவிலும் பால் ரொட்டிக்கு இந்த வழி. கூழ் காய்ச்சத் தெரிந்த எவருக்கும் இது ஐந்து நிமிட வேலை.

*

இரவு டைமர் வைத்தால் பால் ஊற்றாதே, பவுடர் போடு. இரவு முழுக்க நம் சூட்டில் பால் தாங்காது. தண்ணீர் அடியில், மாவு மேலே, மாவில் சின்னக் குழி பறித்து அதில் ஈஸ்ட். உப்பு ஒரு மூலையில். தண்ணீர் படும்வரை ஈஸ்ட் தூங்க வேண்டும். (சில மாடல்களில் வரிசை தலைகீழ், ஈஸ்ட் அடியில், தண்ணீர் கடைசி. எப்படியானாலும் இரண்டும் முன்கூட்டியே சந்திக்கக் கூடாது.)

ஐந்தரை மணிக்கு வாசனை வந்து எழுப்பும். அலாரத்தைத் திட்டுவதுபோல இதைத் திட்ட முடியவில்லை. வெந்ததும் உடனே வெளியே எடுத்துக் கம்பி வலையில் வை, உள்ளேயே விட்டால் வேர்த்துத் தோல் நமுத்துவிடும். உடனே வெட்டாதே, ஒரு மணி நேரம். மாவுச்சத்து இறுகினால்தான் கத்தி ஓடும். வீட்டில் இந்த விதியை யாரும் மதிப்பதில்லை. சூட்டோடு பிய்த்த ஓரத் துண்டும் வெண்ணெயும் இருக்கும்போது மதிக்கவும் வேண்டாம்.

*

வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு. மாதம் ஒரு தடவை பிரெட் சாப்பிடும் வீடு என்றால் வேண்டாம், பரணில்தான் போய் உட்காரும். வாரம் இரண்டு பாக்கெட் வாங்கும் வீடு என்றால் யோசிக்கலாம். கரண்ட் பெரிய செலவில்லை, சூடாவது கடைசி ஒரு மணி நேரம்தான், ஒரு ரொட்டிக்கு ஏறக்குறைய அரை யூனிட். கரண்ட் போனால் பத்து நிமிடம் வரை விட்ட இடத்தை ஞாபகம் வைத்திருக்கும் மாடல்கள் உண்டு, கேட்டு வாங்கு. பதினைந்து புரோகிராம், இருபது புரோகிராம் என்று எண்ணிக்கையில் மயங்காதே. ஓடப்போவது மூன்று. மெஷின் தேய்வதற்கு முன் பாத்திரத்தின் பூச்சும் பிளேடும்தான் தேயும், ஆகையால் அவை தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடு. கூடவே கிராம் காட்டும் தராசு ஒன்று. கப் கணக்கு வேண்டாம், அமுக்கி அள்ளிய ஒரு கப் மைதாவும் தூவி நிரப்பிய ஒரு கப் மைதாவும் ஒரே எடை இல்லை. வீட்டில் அம்மா மாதிரி ஆள் இருந்தால் தராசும் வேண்டாம்.